நாலு துப்பாக்கி, ஒரு சின்னப் பெட்டி

எங்க வீட்டில் நாலு துப்பாக்கி இருக்கு என்று சொன்னால் சென்னையில் இருக்கிற நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். "என்னப்பா, சினிமாவுல வர்ற மாதிரியா?" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். சினிமா எல்லாம் ஒன்றும் இல்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பி, மிளகு, வாழை, சவ்சவ் என்று வைத்திருக்கிற வீடுகளில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கின துப்பாக்கி ஒன்றிரண்டு இருக்கும். தாத்தா காலத்திலிருந்து வருவது. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மருந்தடிக்கிற ஸ்பிரேயர் மாதிரி அதுவும் ஒரு சாமான். என்ன, அந்தச் சாமானுக்கு மட்டும் கலெக்டர் ஆபீஸில் ஒரு ஃபைல் இருக்கும்.

இப்ப அதை வைத்துப் பன்றியைச் சுடலாமா என்றால், கூடாது. காட்டுப்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற விலங்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற பன்றியைச் சுடலாம், ஆனால் வனத்துறை ஆட்கள்தான் சுடணும். விவசாயி சுடக்கூடாது. நாங்களோ காட்டை ஒட்டியே இருக்கிறவர்கள். அதனால் எங்கள் துப்பாக்கிக்கு இருக்கிற ஒரே வேலை சத்தம் போடுவது. வாழைக்குள் பன்றி இறங்கினாலோ, காட்டுமாடு வேலியைச் சாய்த்துக்கொண்டு நின்றாலோ, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதுகூட வருஷத்துக்கு நாலைந்து தடவைதான்.

நாலைந்து நாள் போக மீதி 360 நாளும் துப்பாக்கி சும்மாதான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு துப்பாக்கியைப் பற்றிய முக்கியமான விஷயம் அது எப்படிச் சுடும் என்பது இல்லை, எங்கே, எப்படி இருக்கும் என்பதுதான். இந்தப் பதிவு அதைப் பற்றி. போன வருஷம் மூன்று துப்பாக்கியே திணறிக்கொண்டிருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் நாலாவதையும் வைக்கவேண்டிய நிலைமை வந்தது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பூட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பூட்டு செய்கிற ஊரில் இரும்புப் பெட்டியும் பீரோவும் செய்யாமல் இருப்பார்களா? அங்கே ஒரு பட்டறையில் அப்பா பல வருஷம் முன்னால் சொல்லிச் செய்தது. உள்ளளவு 54 அங்குல உயரம், 15 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். "அஞ்சு துப்பாக்கி தாராளமா நிக்கும்ணே" என்று பட்டறைக்காரர் சொன்னாராம். எல்லா ஊரிலும் பெட்டி விற்கிறவர்கள் சொல்கிற கணக்கு இப்படித்தான் இருக்கும். வெறும் குழலாக இருந்தால் பத்துகூட நிற்கும். ஆனால் துப்பாக்கிக்குக் கட்டை இருக்கு, குதிரை இருக்கு, விசைக்கு மேல் வளையம் இருக்கு. ஒன்றின் குதிரை இன்னொன்றின் வளையத்தில் போய் மாட்டும்.

உள்ளே இருந்தது இவ்வளவுதான். அப்பா பெயரில் ஒரு ரெட்டைக்குழல், பன்னிரண்டு போர். என் பெயரில் ஒரு ஒத்தைக்குழல். இந்த இரண்டும் தோட்டா போடுகிற துப்பாக்கி, நடுவில் மடக்கித் திறக்கிற ரகம். மூன்றாவது தாத்தாவுடைய பழைய கெட்டிக்கிற துப்பாக்கி. வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு, இடிகோலால் இடித்துக் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுவது. அதுவும் அப்பா உரிமத்தில்தான். ஒரு காலத்தில் அப்பா புத்தகத்தில் மூன்று இருந்தது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருத்தருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று ஆக்கினார்கள். அப்போது ஒன்றை உரிமம் உள்ள கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். "தாத்தா துப்பாக்கியைக் குடுத்திருக்கலாமேப்பா, அதை யாரு சுடப் போறா" என்றேன். "அதான் குடுக்கலை" என்றார்.

நாலாவது சித்தப்பாவுடையது. அதுவும் ரெட்டைக்குழல். சித்தப்பா எங்கள் வீட்டை ஒட்டிய பின்கட்டில் இருக்கிறார். அவர் துப்பாக்கி அவர் அறையில் ஒரு மர அலமாரியில், அவர் சாவியில், முப்பது வருஷமாக இருந்தது. அதில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றியதில்லை. எங்களில் துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருப்பவர் அவர்தான். எனக்குக் கழற்றிப் பூட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

போன வருஷம் சித்தி தவறிப் போனார். அதற்குப் பிறகு சித்தப்பா மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தார். குறைந்துகொண்டே என்றால் உடம்பு இல்லை, பேச்சு. காப்பி பழுத்துக் கிடந்தபோதும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. நாய்க்குச் சோறு வைக்க மறந்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்த்தாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து அவர் மகள், என் தங்கச்சி, போன் பண்ணினாள். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அப்பா ரூம்ல இருக்கிற துப்பாக்கியை எடுத்து உங்க பெட்டியில வச்சிருங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இதை அவரிடம் யார் சொல்வது? மூத்தவர் என்கிற முறையில் அப்பாதான் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, உன் துப்பாக்கியையும் கொஞ்ச நாளைக்குக் கீழ நம்ம பெட்டியில வச்சிருவோம்டா." சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எதுக்குண்ணே, என்னை நினைச்சுப் பயமா?" என்று கேட்டார். அப்பா மழுப்புவார் என்று நினைத்தேன். "ஆமாடா" என்றார்.

மறுநாள் காலையில் சித்தப்பாவே கொண்டுவந்தார். கழற்றி, எண்ணெய் துடைத்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றி, குழல் தனியாக, கட்டை தனியாக. தோட்டா டப்பா இன்னொரு கையில்.

வாங்கிவிட்டோம், வைக்க இடம் இல்லை. அதுதான் நிஜம். மூன்று துப்பாக்கியும் முழுசாக, கட்டை கீழே குழல் மேலே என்று நின்றுகொண்டிருந்தன. கீழே கட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் பாதிப் பெட்டி காலி. அப்பாவுடையதை எடுக்கணும் என்றால் தாத்தாவுடையதை முதலில் வெளியே எடுத்துச் சுவரில் சாய்க்கணும். நாலாவதையும் அழுத்திச் சொருகினால் கதவு மூடும். ஆனால் திறக்கும்போது என்ன சரிந்து விழும், யார் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

அப்போது சித்தப்பா சொன்னதுதான் எங்களுக்கு அளவுகோல் ஆனது. "எத்தனை நுழையுதுன்னு பாக்காதீங்க. எது வேணுமோ அதை, மத்ததைத் தொடாம எடுக்க முடியுதான்னு பாருங்க." துக்கத்திலும் மனுஷனுக்குக் கைவேலை மறப்பதில்லை. அவரையே பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எல்லாம் செய்தோம். செய்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன். துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் ஒரு சின்ன இடத்தை எப்படிப் பிரிப்பது என்கிற கணக்கு பிடிக்கலாம்.

முதல் காரியம், உள்ளே போகிற எதுவும் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டாத் துப்பாக்கிக்கு இது சுலபம். மடக்கித் திறந்தால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும். கெட்டிக்கிற துப்பாக்கியில் அப்படிப் பார்க்க முடியாது, குழலின் பின்பக்கம் அடைபட்டிருக்கும். உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்தபடி இருந்தால் வெளியிலிருந்து ஒரு அடையாளமும் தெரியாது. பரணில் கிடந்த தாத்தா காலத்துத் துப்பாக்கியை ‘காலி’ என்று நினைத்து எடுத்து விளையாடி விபத்தான கதைகள் மலையில் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கு. இடிகோலைக் குழலுக்குள் அடி வரைக்கும் விட்டு, வாய்க்கு நேராகக் கோலில் விரல் வைத்து எடுக்கணும். அதே அளவைக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்க்கணும். கோலின் நுனி கேப்பு வைக்கிற முலை இருக்கிற இடத்துக்குப் பக்கம் வரை வந்தால் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கு என்று அர்த்தம். அப்படி இருந்தால் நாமே குடையக்கூடாது, தெரிந்த ஆயுதக் கடைக்காரரிடம் சொல்லி அவர் எடுக்கணும். எங்கள் கோலில் காலியாக இருக்கும்போது வரும் அளவுக்கு நேராக ஒரு கோடு கீறியே வைத்திருக்கிறோம். பெட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வைப்போம்.

இரண்டாவது, கழற்றுவது. இதுதான் இடப் பிரச்சினைக்கு முக்கால்வாசி விடை. மடக்குகிற துப்பாக்கி முழுசாக 47 அங்குலம் இருக்கும். முன்கட்டையைக் கழற்றி, மடக்கி, குழலைக் கொக்கியிலிருந்து தூக்கினால் இரண்டாகப் பிரியும். முன்கட்டையைத் திரும்பக் குழலிலேயே மாட்டிவிடலாம், தனியாகத் தொலையாது. குழல் 30 அங்குலம், கட்டையும் விசையும் சேர்ந்த பாகம் 20 அங்குலத்துக்குள். ஒரு நிமிஷ வேலை, திருப்புளி வேண்டாம். எங்கள் பெட்டியின் உயரம் 54. அதாவது குழல் கீழே, கட்டை மேலே என்று இரண்டு மாடி கட்டலாம். முழுசாக நின்றபோது வீணாகப் போன மேல் பாதி இப்போது இடமாகிவிட்டது.

கழற்றுவதில் இன்னொரு பயனும் இருக்கு, இடத்தைவிடப் பெரியது. கழற்றின துப்பாக்கி சுடாது. குழலையும் கட்டையையும் எடுத்து, சேர்த்து, தோட்டா தேடிப் போட்டால்தான் அது துப்பாக்கி. அதற்குள் ஒரு ஆள் வந்துவிடலாம். ஒரு போன் அடிக்கலாம். ராத்திரி மனசில் வருகிற வேகம் எல்லாம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்து வேகம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிடுவதுதான் பூட்டின் வேலை.

கழற்றும்போது ஒன்றை மட்டும் கவனிக்கணும். ஒரு துப்பாக்கியின் குழல் இன்னொன்றின் கட்டையில் போகக்கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சில சமயம் மாட்டிக்கொள்ளக்கூடச் செய்யும். ஆனால் ஒவ்வொரு குழலும் அதனதன் பூட்டுக்கு அராவிப் பொருத்தினது. இடைவெளி மயிரிழை தப்பினாலும் சுடும்போது ஆபத்து. குழலில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணிச்சீட்டு கட்டினோம். அப்பாவுக்கு வெள்ளை, சித்தப்பாவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. தேர்தல் சமயத்தில் இது இன்னும் உதவும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மாதிரி நேரங்களில் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கணும். உரிமப் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் துப்பாக்கியில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்ப்பார்கள். பாகம் மாறியிருந்தால் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கணும்.

மூன்றாவது, சட்டம் அடிப்பது. தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் விழுந்து, அறுத்து அடுக்கிக் காய்ந்து கிடந்தது. பச்சை மரம் கூடவே கூடாது, அதிலிருந்து வருகிற ஈரமே இரும்பைத் தின்றுவிடும். ஊர் ஆசாரி ஒரு நாள் வந்து செய்து கொடுத்தார். பெட்டியின் இடது பக்கம் ஐந்து அங்குலம் மட்டும் அடியிலிருந்து உச்சி வரைக்கும் தனிச் சந்து. தாத்தாவின் துப்பாக்கியைக் கழற்ற முடியாது, 51 அங்குலம், அது அப்படியே நிற்கணும். மீதிப் பத்து அங்குலத்தில், தரையிலிருந்து 32 அங்குலத்தில் ஒரு தட்டு. தட்டுக்குக் கீழே மூன்று குழல், தட்டுக்கு மேலே மூன்று கட்டை. ஒவ்வொன்றுக்கும் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விட்டு, வளைவாக வெட்டின பள்ளம். பள்ளத்தில் நைலான் கார்ப்பெட் துண்டு ஒட்டினோம். கம்பளி, சாக்கு, ஸ்பாஞ்ச் வேண்டாம். எல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறைக்குள் போட்டு மாசக்கணக்கில் வைப்பதும் அப்படித்தான், உறையைத் திறந்தால் துரு.

குழலை நாங்கள் வாய் கீழே, தோட்டா போடும் பக்கம் மேலே இருக்கிற மாதிரி நிற்கவைத்தோம். அப்பா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "வாயைக் கீழ வைக்கிறதா?" என்றார். சித்தப்பாதான் பதில் சொன்னார். மேலே திறந்த பக்கம் இருந்தால் கதவைத் திறந்ததும் டார்ச் அடித்து உள்ளே காலி என்று பார்த்துவிடலாம். தோட்டாவைத் தள்ளுகிற மென்மையான பாகம் பாரம் தாங்கவேண்டியதில்லை. எண்ணெயும் வாய்ப்பக்கமாக வடியும், அதை மாசம் ஒரு தடவை துடைத்தால் போதும். முழுத் துப்பாக்கியைக் கட்டை கீழே வைத்து வருஷக்கணக்கில் நிற்கவைத்தால் அந்த எண்ணெய் கட்டை மரத்துக்குள் இறங்கி மரத்தைக் கறுப்பாக்கி மெதுவாக்கிவிடும். அப்பா துப்பாக்கியின் கட்டையில் பூட்டை ஒட்டிய இடம் அப்படித்தான் கறுத்திருந்தது. அதைக் காட்டினதும் அப்பா பேசவில்லை.

நாலாவது, எதை உள்ளே வைக்கக்கூடாது என்பது. பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்தது துப்பாக்கியே இல்லை. பழைய தோட்டா டப்பா, தோல்வார், காலி உறைகள், பத்திரம், அம்மாவின் ஒரு நகைப்பெட்டிகூட! நகைப்பெட்டி இருந்தால் அம்மாவுக்கு அவசரத்துக்குச் சாவி வேண்டும். கல்யாணம் காட்சி என்றால் நாலு பேர் முன்னால் பெட்டி திறக்கும். துப்பாக்கி இருக்கிற பெட்டியைத் திறப்பதற்குத் துப்பாக்கியைத் தவிர வேறு காரணமே இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். தோட்டா தனி இரும்புப் பெட்டி, தனிப் பூட்டு, வேறு அறை. கெட்டிக்கிற துப்பாக்கிக்கான கரிமருந்தை வீட்டில் வைப்பதையே நிறுத்திவிட்டோம். மருந்தை இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் வைத்து, வீட்டில் தீப்பிடித்தால் அந்தப் பெட்டியே வெடிகுண்டு.

ஐந்தாவது, ஈரம். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் பத்து நாள் தொடர்ந்து மூட்டம் இறங்கும். துணி காயாது, உப்பு கட்டியாகும். மூடின பெட்டிக்குள் நெருக்கமாக வைத்தால் ஒன்றின் துரு இன்னொன்றுக்கு ஏறும். அதனால் குழலும் குழலும் தொடவே கூடாது. சிலிக்கா ஜெல் பை இரண்டு தொங்கவிட்டிருக்கிறோம். நீலமாக இருக்கிற மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். அதற்கென்றே ஒதுக்கின ஒரு தகரத் தட்டில் விறகடுப்பு மேல் காயவைத்தால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள், அந்த நீலச் சாயம் நல்லதில்லை. பெட்டியைத் தரையில் வைக்காமல் நாலு செங்கல் மேல் ஏற்றி, பின்பக்கம் உள்ளேயிருந்து நாலு போல்ட் போட்டுக் கல் சுவரில் இறுக்கினோம். சின்னப் பெட்டியின் பெரிய குறை, இரண்டு பேர் சேர்ந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

கடைசியாகச் சாவி. இதற்குத்தான் திரும்பத் திண்டுக்கல் போனேன். ஏற்கெனவே இருந்த பூட்டுக்குக் கீழே இரண்டாவது பூட்டு ஒன்று பதித்துக் கொடுத்தார்கள். இரண்டு சாவியும் போட்டால்தான் கைப்பிடி திரும்பும். வங்கி லாக்கர் மாதிரி. ஒரு சாவி அப்பாவிடம், ஒன்று என்னிடம். ராத்திரி பன்றி வந்தால் தாமதம் ஆகுமே என்று கேட்கலாம். ஆகும். பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் பன்றி பத்து வாழையைச் சாய்க்கும். சாய்க்கட்டும் என்று முடிவு பண்ணினோம். தகரம் தட்டலாம், வெடி போடலாம், நாய் இருக்கு.

சட்ட விஷயமும் சொல்லணும். ஒருத்தர் துப்பாக்கியை இன்னொருத்தர் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் மூன்று பேர் உரிமத்திலும் ஒருத்தருக்கு ஒருத்தர் ரீடெய்னராகப் பெயர் ஏற்றியிருக்கு, அதனால் எங்களுக்கு வழி இருந்தது. அப்படி இல்லாத வீட்டில், உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கலாம். எதுவானாலும் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. துப்பாக்கியைப் பூட்டிவிட்டு மருந்துக் கொட்டகையைத் திறந்து வைத்திருந்தால் அர்த்தமே இல்லை. விவசாயி வீட்டில் உயிரை எடுப்பது துப்பாக்கி இல்லை, பூச்சிமருந்து டப்பா. அதே வாரம் கொட்டகைக்கும் ஒரு பூட்டு வாங்கினேன். மிச்சம் இருந்த அரை டப்பாக்களைக் கணக்கெடுத்தேன். சித்தப்பாவை வத்தலக்குண்டுக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், தங்கச்சி 104-க்குப் பேசி யாரைப் பார்க்கணும் என்று கேட்டு வைத்திருந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாசம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது மாசம் நாய்க்குச் சோறு வைத்தார்.

சின்ன வயசில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு, பூட்டு என்பது திருடனுக்கு என்று. பெட்டி செய்யச் சொன்னபோது அப்பாவுக்கும் அந்த எண்ணம்தான் இருந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் எங்கள் ஊரில் துப்பாக்கி திருட ஒருத்தனும் வரவில்லை. ஊரில் துப்பாக்கியால் நடந்த கெட்டது எல்லாம் அந்தந்த வீட்டுக்குள்ளேயே நடந்தது. குடித்துவிட்டு வந்த கோபம், விளையாட்டுப் பையன், பேசாமல் இருந்த பெரியவர். இவர்களுக்குச் சாவி இருக்கிற இடம் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. நமக்கே ஒரு நாள் அப்படி வரலாம். என்னிடம் ஒரு சாவி மட்டும் இருப்பது எனக்கும் சேர்த்துத்தான்.

இப்போது மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை டிபன் முடிந்ததும் அப்பாவும் நானும் சாவி போட்டுத் திறப்போம். பிள்ளைகளை அம்மா மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சித்தப்பா பாய் விரித்து உட்காருவார். அவர் கேட்கிற வரிசையில் நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். எதை எடுத்தாலும் பக்கத்தில் இருப்பதைத் தொடவேண்டியதில்லை. குழலுக்குள் துணி விட்டு இழுப்பார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், ஒரு சொட்டு எண்ணெய். முதல் இரண்டு தடவை சிவப்புச் சீட்டு கட்டினதை மட்டும் தொடாமல் வைத்துவிட்டார், நானே துடைத்து வைத்தேன். மூன்றாவது தடவை அவரே துடைத்தார்.

அவர் உரிமம் இந்த வருஷம் புதுப்பிக்கணும். புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்கு. போன வாரம் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஜன்னலில் வைத்தார், எழுதவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவசரமில்லையே?" என்று கேட்டார். "இல்லை சித்தப்பா, இன்னும் நாள் இருக்கு" என்றேன். அவர் எப்படி முடிவு பண்ணினாலும் சரி. விட்டுவிட்டால் பெட்டியில் இடம் காலியாகும், வைத்துக்கொண்டால் அவருக்கு இடம் இருக்கு.

அப்புறம், இந்த மாதிரிச் சட்டம் அடிக்க அளவு வேண்டும் என்கிறவர்கள், மலைப்பக்கத்தில் வீட்டில் துப்பாக்கி இருக்கிற யாராவது இதைப் படித்தால், எழுதிக் கேளுங்கள், ஆசாரி போட்ட கோட்டுப்படம் இருக்கு. பட்டணத்தில் இருக்கிறவர்கள் ஊருக்குப் போன் பண்ணும்போது மழை பெய்ததா என்று கேட்கிறீர்கள் அல்லவா? தனியாக இருக்கிற பெரியவர் வீட்டில் சாவி யாரிடம் இருக்கு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். துப்பாக்கி இல்லாவிட்டாலும் மருந்துக் கொட்டகை இருக்கும்.